மலைநாடு தந்த மந்திரி

கண்டி வாவிக்குச் சற்று மேலே, மரநிழல் படிந்த பாடசாலையொன்றில் நான் பல்லாண்டுகளாகச் சரித்திரம் படிப்பித்து வருகிறேன். சென்ற தவணையில் ஒரு நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிமுறை பற்றிய பாடத்தினிடையே, ஆபிரகாம் லிங்கன் செனற் சபைக்குப் போக முயன்று இருமுறை தோற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்நாட்டில் 1913 ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குப் பதினேழாவது திருத்தம் வரும்வரையில், செனற் உறுப்பினரைப் பொதுமக்கள் நேரே தெரிந்தெடுத்ததில்லை. அந்தந்த மாநிலத்துச் சட்டசபையினரே கூடித் தெரிந்தெடுத்து அனுப்பினர். 1855 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலச் சட்டசபை கூடியபோது முதற் சுற்றில் லிங்கனுக்கு 44 வாக்குகள் விழுந்தன. லைமன் ட்ரம்புல் என்பாருக்கு விழுந்தவை ஐந்தே. ஆயினும் அந்த ஐவரும் அசைந்து கொடுத்தாரில்லை. அடிமை முறை புதிய நிலங்களிற் பரவுவதை எதிர்ப்பவர் ஒருவர் வென்றாற் போதும் என்று துணிந்த லிங்கன், தம்மை ஆதரித்தோரை ட்ரம்புல் பக்கம் திருப்பிவிட்டார். பத்தாவது சுற்றில், ஐந்து பேருடன் தொடங்கியவர் செனற்றராகிவிட்டார்!

வகுப்பிற் சிரிப்பொலி எழுந்தது. அது அடங்கியதும், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, நமது நாட்டிலும் இவ்வாறு சபையினரே கூடி ஒருவரைத் தெரிந்தெடுத்ததுண்டோ என்று வினவினாள். அவளுக்கு விடை சொல்ல மற்ற மாணவரே முந்திக்கொண்டனர். 2022 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆந் திகதி பாராளுமன்ற உறுப்பினர் 134 பேர் வாக்களித்து ஜனாதிபதியைத் தெரிந்தெடுத்ததை அவர்கள் தொலைக்காட்சியிற் கண்டிருந்தனர். 1993 ஆம் ஆண்டில், இதே கண்டி மாவட்டத்தவரான டி. பி. விஜேதுங்க அவர்களைப் பாராளுமன்றம் போட்டியின்றி ஜனாதிபதியாக்கியதை நான் எடுத்துக் காட்டினேன். எனினும் என் உள்ளம் அவ்விரு நிகழ்ச்சிகளிலும் தங்கவில்லை. அது 1931 ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது. ஏழெட்டுப் பேர் கூடிய ஒரு குழு அறைக்கும், அவ்வறையிலிருந்து மந்திரியாக வெளிவந்த ஒரு தமிழருக்கும்.

அவர் பெயர் பெரி. சுந்தரம். தந்தை பெயரான பெரியண்ணன் என்பது சுருங்கிப் பெரி என்றாகி, மகன் பெயருக்கு முன்னே நிலைத்துவிட்டது. மூத்த தலைமுறையினர் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராகவே உச்சரிப்பர். என் பாட்டனார் மட்டும் அந்தப் பெயரையும் சொல்வதில்லை; எங்கள் மந்திரி என்பார். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே கணக்கப்பிள்ளையாக இருந்து, முதுமையிற் கண்டிக்கு வந்து சேர்ந்தவர் அவர். எந்த மந்திரி என்று கேட்கும் பிள்ளைகளை அவர் பார்க்கும் பார்வை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கண்டியிலிருந்து வத்தேகமை வழியாகப் பன்விலைக்குச் செல்லும் பாதை, அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. கோப்பிக் காலத்திலேயே காடு வெட்டித் தோட்டமாக்கப்பட்ட பூமி அது. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. அங்குள்ள மடுல்கலைப் பகுதியே சுந்தரத்தின் குடும்பம் வாழ்ந்த இடம். தந்தையார் கங்காணி. கங்காணி என்றதும் நம்மவரில் பலர் முகஞ் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, கடலையும் காட்டையும் கடப்பித்துக் கொணர்ந்து, அந்தக் கடனாலேயே அவர்களைக் கட்டி வைத்த முறைக்கு நடுநாயகமாக நின்றவன் கங்காணி. ஆயினும் தோட்டத்திலே கையிற் காசு புழங்கியவனும், பிள்ளையை நகரத்துப் பள்ளிக்கு அனுப்ப இயன்றவனும் அவன் ஒருவனே. அந்த முறை கட்டிய வீட்டிற் பிறந்த பிள்ளையே பின்னாளில் அதனை எதிர்த்து எழுந்தோரின் செயலாளராக அமர்ந்ததைத்தான் நான் இவரது வாழ்க்கையின் முதல் விசேடமாகக் கருதுகிறேன்.

1890 ஆம் ஆண்டிற் பிறந்த சுந்தரம், கண்டித் திரித்துவக் கல்லூரியிற் கல்வி பயின்றார். 1872 இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரிக்கு 1904 இல் ஏ. ஜி. ஃபிரேசர் அதிபராக வந்தார். ஆங்கிலமே கல்வி என்றிருந்த அந்நாளில், சிங்களத்தையும் தமிழையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தவர் அவர். நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்கு மாணவரைத் தொண்டு செய்ய அனுப்பியவரும் அவரே. அக்கல்லூரி வாயிலைக் கடந்து நான் நாள்தோறும் நடக்கிறேன். சீமான்கள், ரதல குடும்பத்தார், பறங்கியர் ஆகியோரின் பிள்ளைகள் நிறைந்த அவ்விடத்தில், லயங்களுக்கு நடுவே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை என்ன எண்ணியிருப்பான் என்று எத்தனையோ காலைகளில் நினைத்ததுண்டு. ஆனால் அது என் கற்பனை, சரித்திரமன்று. சுந்தரம் அங்கிருந்து இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பாரிஸ்டராகித் திரும்பினார் என்பதே சரித்திரம்.

திரும்பியவர் பொருள் ஈட்டும் வழக்கறிஞராக மட்டும் வாழ்ந்திருக்கலாம். அதற்குத் தடையொன்றும் இருந்ததில்லை. ஆனால் அக்காலத்தில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள், அரசாங்க சேவையினின்று ஓய்வு பெற்று, நாட்டுத் தொண்டில் முழுமூச்சாக இறங்கியிருந்தார். 1919 ஆம் ஆண்டில் அருணாசலம் தலைவராகவும் பெரி. சுந்தரம் செயலாளராகவும் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று. யாழ்ப்பாணத்து உயர்குடியில் உதித்த முதியவரும், மடுல்கலைக் கங்காணியின் மகனாகிய இளைஞரும் ஒரே மேசையில் அமர்ந்து தோட்டத் தொழிலாளரின் துயரைப் பற்றி மனு எழுதினர். நம் சமூகத்தில் இது சிறிய காரியமன்று.

அம்மனுக்களின் பொருள் யாது? அந்நாளில் ஒரு தொழிலாளி ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு நீங்கினால், அது கடன் வழக்காகாது, குற்றமாகவே கொள்ளப்படும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி அவனைச் சிறையில் இடலாம். துண்டு என்றொரு முறையும் இருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. அந்தக் காகிதம் கைமாறக் கைமாறத் தொழிலாளியின் தலையிலே கடன் ஏறிக்கொண்டே போகும். அவனுக்கு அதிலே என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் அதே காலத்தில் நீங்கின. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் இதற்குப் பெருங்காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் இலங்கைக்குள்ளிருந்து எழுந்த குரல்களில் சுந்தரத்தின் குரலும் ஒன்று.

இனி 1931 க்கு வருவோம். டொனமூர்க் குழுவினர் 1927 இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். அதன் பயனாக இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிட்டிற்று. இந்திய வம்சாவளியினருக்கோ, நிரந்தர வதிவு முதலான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அப்படியிருந்தும் அவர்களிற் சுமார் 1 இலட்சம் பேரின் பெயர்கள் இடாப்பில் ஏறின. என் பாட்டனார் பெயரும் அவற்றில் ஒன்று. அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்றார்.

அந்தச் சபையின் அமைப்பு விசித்திரமானது. கட்சிகளில்லை, பிரதம மந்திரியில்லை. இலண்டன் மாநகர சபையின் பாணியைப் பார்த்து டொனமூர்க் குழுவினர் வகுத்த முறை அது. தெரிவாகும் 50 பேரும் நியமனமாகும் 8 பேரும் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தன்னுள்ளே இரகசியமாக வாக்களித்து ஒரு தலைவரைத் தெரிந்தெடுக்கும், அத்தலைவரே மந்திரி. கணக்கைப் பாருங்கள்! யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் இல்லையென்று சொல்லித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தமையால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்தன. எஞ்சியோரை ஏழாகப் பகுத்தால் குழுவொன்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. ஆகவே நாலைந்து வாக்குகள் ஒருவரை மந்திரியாக்கிவிடும். நாட்டின் தொழிலையும் கைத்தொழிலையும் வர்த்தகத்தையும் நடத்தப் போகின்றவரை, ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு பேர், கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானித்தனர்.

அவ்வறையிலிருந்து தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாகப் பெரி. சுந்தரம் வெளிவந்தார். மற்றைய ஆறு மந்திரிகள் டி. பி. ஜயதிலக்க, டி. எஸ். சேனநாயக்க, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, கண்டி நாட்டவரான டி. பி. பாணபொக்க, சார்ள்ஸ் பட்டுவன்துடாவ, எச். எம். மாக்கான் மாக்கார் ஆகியோர். எழுவரில் தமிழர் ஒருவரே. வடபுலத்துத் தமிழர் வெளியே நின்ற அவ்வேளையில், அந்த ஒருவர் ஒரு கங்காணி மகன்! அட்டனில் அந்தச் செய்தி வந்த அன்று லயத்துக்கு லயம் வெல்லம் வழங்கினார்கள் என்று பாட்டனார் சொல்வார். அவர் எதையும் சற்றுக் கூட்டிச் சொல்லும் இயல்பினர். ஆயினும் அந்த வெல்லத்தை நான் நம்புகிறேன்.

மந்திரிப் பதவி மலர்ப் படுக்கையாக இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் அப்பொழுதுதான் தேயிலையையும் றப்பரையும் தாக்கிற்று. தோட்டங்கள் மூடப்பட்டன; ஆயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியும் வெட்டுண்டது. தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் தொழில் மந்திரியாய் அமர்ந்திருக்கையிற் கூலி குறைந்ததென்றால் தொழிலாளி யாரைக் கடிவான்? கோ. நடேசையர் அட்டனில் தொழிற்சங்கம் கட்டி, துண்டுப் பிரசுரங்களாலும் மேடைப் பேச்சாலும் மலைநாட்டைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரின் பாட்டுகள் லயங்களிலே ஒலித்தன. சுந்தரத்திடம் அந்த நெருப்பு இல்லை. அவர் கோப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் நம்பியவர். அவர் காலத்தில், 1934 இல், வேலையில் அங்கம் இழந்தோருக்கும் உயிரிழந்தோர் குடும்பத்துக்கும் நட்டஈடு வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. 1935 இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இவ்விரண்டும் இன்றுவரை நம் தொழிற் சட்டத்தின் அத்திவாரக் கற்களாக இருந்து வருகின்றன. கற்கள் பாடுவதில்லை, ஆகவே மக்கள் அவற்றை நினைப்பதுமில்லை. நடேசையரைக் கொண்டாடுவோர் சுந்தரத்தை இகழ வேண்டுவதில்லை என்பது என் கருத்து. ஒருவர் கூட்டிய கூட்டத்துக்கு மற்றவர் காலத்துச் சட்டம் கூரையாயிற்று.

1936 இல் இரண்டாவது அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தபோது அட்டன் தொகுதி நடேசையர் வசமாயிற்று. சுந்தரம் சபையில் இல்லை. அதனினும் பெரியதொரு மாற்றம் குழு அறைகளில் நிகழ்ந்தது. முன்பு ஒரு தமிழரையும் ஒரு முஸ்லிமையும் மந்திரியாக்கிய அதே முறை, இம்முறை ஏழு சிங்கள மந்திரிகளைத் தந்தது. விதி ஒன்றும் மாறவில்லை. ஒரு சொல்லும் திருத்தப்படவில்லை. எந்த உறுப்பினர் எந்தக் குழுவில் அமர்வது என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டாற் போதும், ஒவ்வொரு சிறு அறையிலும் பெரும்பான்மை ஒருபுறமே நிற்கும். ஏழு அறையிலும் சிறுபான்மையோர் இருப்பர். எந்த அறையிலும் வெல்லார். இந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் என்று நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. தமிழரில்லாத மந்திரிசபைக்குத் தமிழரே கணக்குப் போட்டார் என்பதை நம்மவர் கசப்போடும், சற்றே ஒரு விநோதப் பெருமையோடும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

லிங்கனின் கதையை இங்கே மாணவருக்கு மறுபடி நினைவூட்டினேன். அங்கே ஐவர் உறுதியாக நின்று 44 பேரைத் தம் வழிக்கு இழுத்தனர். இங்கே சிறு தொகையினர் ஏழு அறைகளிற் சிதறிப் பலமிழந்தனர். 1931 இல் வந்தது நல்லெண்ணத்தின் பயன். 1936 இல் அந்த நல்லெண்ணம் திரும்பியபோது அதைக் கட்டாயப்படுத்த எந்த விதியும் இருக்கவில்லை. ஐந்தாண்டுக்குள் ஒரே முறையின் இரு முகங்களையும் கண்டவர் பெரி. சுந்தரம்.

1939 ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளரை அரசாங்க வேலைகளினின்று நீக்கும் ஏற்பாடு எழுந்தபோது ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அவர் தூண்டுதலால் அவ்வாண்டு ஜூலையில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. சுந்தரம் அதிலும் தலைமைப் பணியாற்றினார். இளைஞராயிருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் அரசியலில் அடியெடுத்து வைத்ததும் அந்த இயக்கத்தின் மூலமே, கண்டிக்குத் தெற்கேயுள்ள கம்பளையில்.

பின்னர் சோல்பரிக் குழுவினர் வந்தனர். நிருவாகக் குழு முறை மறைந்து, பிரதம மந்திரியும் இரு மன்றங்களும் கொண்ட பாராளுமன்றம் 1947 இல் அமைந்தது. மேல் மன்றமான செனற் சபைக்கு 30 உறுப்பினர். அவர்களிற் பதினைவரை மகாதேசாதிபதி நியமிப்பார். மற்றப் பதினைவரைப் பிரதிநிதிகள் சபையினர் தெரிந்தெடுப்பர். அமெரிக்கர் 1913 இற் கைவிட்ட வழக்கம், ஏறத்தாழ அதே உருவில், இங்கே புதிதாக வந்தது போலத் தோன்றும். ஆனால் ஒரு வேற்றுமை இருந்தது. பெரும்பான்மை வென்றதே சட்டம் என்று விடாமல், விகிதாசார முறையில், ஒற்றை மாற்று வாக்கினால் தெரிவு நடக்க வேண்டுமென்று விதித்திருந்தனர். வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவர்; தேவைக்கு மிஞ்சிய வாக்கு அடுத்த விருப்பத்துக்கு நகரும்.

மாணவரைக் கொண்டே அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட வைத்தேன். பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர். தெரிய வேண்டியோர் 15 பேர். பதினைந்துடன் ஒன்றைக் கூட்டிப் பதினாறால் 101 ஐ வகுத்தால் ஆறும் மிச்சமும். ஆறுடன் ஒன்றைக் கூட்டினால் ஏழு. ஏழு பேர் ஒன்றுபட்டு நின்றால், எஞ்சிய தொண்ணூற்று நால்வரும் எதிர்த்தாலும், ஒருவரைச் செனற் சபைக்கு அனுப்பிவிடலாம். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பெற்ற ஆசனங்கள் எத்தனை? நுவரெலியாவில் தொண்டமான், நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் மோத்தா, கொட்டகலையில் குமாரவேலு, பதுளையில் சுப்பையா, அளுத்நுவரையில் இராமானுஜம். எண்ணிப் பார்த்த மாணவி ஏழு என்று உரக்கச் சொன்னாள்.

பெரி. சுந்தரம் அந்தச் செனற் சபையில் உறுப்பினராக அமர்ந்தார். கொழும்புக் கோட்டையில், கடலை அடுத்த பழைய சட்டநிரூபண சபைக் கட்டடமே செனற் சபையின் மண்டபம். 1971 இற் சபை ஒழிக்கப்பட்டபின் வெளிநாட்டு அமைச்சு அங்கே குடிபுகுந்தது. அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம், இரு வேறு கணக்குகளால் அளக்கப்பட்ட ஒரே மனிதரை நினைக்கிறேன். கோப்புகளை நம்பிய அந்தச் சட்ட அறிஞருக்கு, சட்டமே தம் மக்களுக்கு எதிராகத் திரும்புவதைக் காணும் விதி அங்கே காத்திருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தலைமுறைகளாக இங்கே பிறந்து உழைத்தோரை நாடற்றோராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம், பிரசைகள் அல்லாதாரின் பெயர்களை இடாப்பிலிருந்து நீக்கிற்று. மேல் மன்றம் கீழ் மன்றத்தின் சட்டங்களைத் தாமதப்படுத்தலாமேயன்றித் தடுத்துவிட முடியாது. இவற்றைத் தாமதப்படுத்தவும் அங்கே பெரும்பான்மை இருக்கவில்லை.

என் பாட்டனாரின் பெயர் நீங்கியதும் அப்பொழுதே. 1931 இல் ஏறிய பெயர் அது. அதன்பின் அவர் எந்தத் தேர்தலிலும் வாக்களித்தாரில்லை. நாங்கள் சிறுவராயிருந்தபோது, தேர்தல் நாட்களில் அயலார் சாவடிக்குப் போய்த் திரும்புவதைத் திண்ணையிலிருந்து பார்ப்பார். விரலில் மை வைத்தவரிடம் கூட்டம் எப்படி என்று மட்டும் விசாரிப்பார். எங்கள் மந்திரியைப் பற்றி அந்த நாட்களில் அவர் பேசுவதில்லை.

பாடம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. கணக்கைப் போட்ட மாணவி சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல், அடுத்த தேர்தலில் அந்த ஏழு பேர் எத்தனை பேராயினர் என்று கேட்டாள். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்களித்த மக்களின் பெயர் இடாப்பில் இல்லை. ஆகவே இந்திய வம்சாவளித் தமிழரில் ஒருவரேனும் அச்சபைக்குத் தெரிவாகவில்லை என்றேன். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏழு என்ற எண்ணுக்குக் கீழே சுழியம் ஒன்றை எழுதிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.